பரணில் கிடக்கும் தூர்தர்ஷன் கேசட்டுகள்: இணையத்தில் தேடுவதா, கடையில் கொடுப்பதா, நாமே மாற்றுவதா?

பரணில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே இருபது, முப்பது வீடியோ கேசட். முதுகில் ஒட்டிய தாளில் மங்கிப்போன பேனா மை: "ஒலியும் ஒளியும்", "செவ்வாய் நாடகம்", "ராமாயணம் 3". வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது இந்தப் பெட்டி கீழே இறங்கும். கூடவே மூன்று யோசனைகளும் இறங்கும். எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே, தூக்கிப் போட்டால் என்ன? கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவில் கொடுத்து பென் டிரைவில் வாங்கிக்கொண்டால் என்ன? பழைய டெக் (கேசட் ஓட்டும் விசிஆர்) ஒன்றைப் பிடித்து நாமே கணினியில் ஏற்றினால் என்ன?

முழுப் பெட்டிக்கும் ஒரே பதிலைத் தேடுவதால்தான் பலர் முடிவெடுக்க முடியாமல் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கேசட் கேசட்டாகப் பிரித்தால் பதில் சுலபமாகக் கிடைக்கும். பிரிப்பதற்கு முன் ஒரு வேலை: ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் இடது ஓரத்தில் சிறு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் உடைத்துவிடுங்கள். ஏற்கெனவே உடைத்து மேலே செல்லோடேப் ஒட்டியிருந்தால் டேப்பைக் கிழித்து எடுங்கள். அதன்பின் தவறுதலாக ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் எதுவும் அழியாது.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், அந்த நிகழ்ச்சி வேறெங்காவது நல்ல நிலையில் இருக்கிறதா என்பது. நிகழ்ச்சி வேறு, ஒளிபரப்பு வேறு. ராமாயணம் நிகழ்ச்சி. அது தொடங்கக் காத்திருந்தபோது சுழன்ற தூர்தர்ஷன் கண், இடையில் வந்த சோப்பு விளம்பரம், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டை, முடிந்ததும் வந்த அறிவிப்பாளர், இதெல்லாம் ஒளிபரப்பு. நிகழ்ச்சியை நிலையமும் தயாரிப்பாளரும் காப்பாற்றி வைத்திருக்கலாம். ஒளிபரப்பைக் காப்பாற்றியது பெரும்பாலும் வீட்டு டெக்குகள்தான். என் கணக்கில் கேசட்டின் மதிப்பில் பாதிக்கு மேல் இந்த இடைவெளிகளில் இருக்கிறது.

இரண்டாவது, படத்தின் அசல் வடிவம். அந்தக் காலப் படம் 4:3 விகிதம், கண்ணுக்குத் தெரியும் 576 வரிகள், நொடிக்கு 25 முழுப்படம். ஒவ்வொரு முழுப்படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு பாதிகளாக வரும். ஆக நொடிக்கு 50 பாதிப்படம். ஸ்டூடியோவில் வீடியோ கேமராவால் எடுத்த செய்தியும் நாடகமும் கண்ணெதிரே நடப்பதுபோல் வழுக்கிக்கொண்டு ஓடியதற்கு இந்த ஐம்பதுதான் காரணம். அதை 25 ஆக்கினால் ஆட்கள் சற்றே வெட்டி வெட்டி நடப்பார்கள். பெயர், முகம், வசனம் எல்லாம் சரியாக இருந்தும் 'அந்த மாதிரி இல்லையே' என்று தோன்றும். நினைவு பொய் சொல்லவில்லை, பாதிப் படம் தொலைந்துபோயிருக்கிறது.

மூன்றாவது, ஒலியின் மொழி. நான்காவது, கேசட்டின் உடல்நிலை. ஐந்தாவது, செலவாகும் காசும் நேரமும். நேரக் கணக்கில் சலுகை கிடையாது: மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஓடியே ஆகவேண்டும்.

முதல் வழி: இணையத்தில் இருப்பதைப் பார்ப்பது

தேசிய ஒளிபரப்பில் வந்த பெரிய தொடர்களுக்கு இதுவே போதும். ராமானந்த் சாகரின் ராமாயணம் (1987–88), பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் (1988–90) இரண்டையும் 2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷன் மீண்டும் ஒளிபரப்பியது. பழைய தொடர்களுக்கென்றே டிடி ரெட்ரோ என்ற சேனலும் அந்த ஏப்ரலில் வந்தது. சங்கர் நாக் இயக்கிய மால்குடி டேஸ் ஆகும்பேயில் படமாக்கப்பட்டது. ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்களும் எல். வைத்தியநாதனின் இசையும் சேர்ந்த அதன் தொடக்கத்தைத் தேடி யாரும் பரணில் ஏறவேண்டியதில்லை. தனியார் சேனல் காலத்துக்கு வந்தால் மர்மதேசம் கவிதாலயாவின் யூடியூப் பக்கத்திலும், சித்தி ராடானின் பக்கத்திலும் இருக்கின்றன. இவற்றை எல்லாம் வீட்டுக் கேசட்டிலிருந்து மாற்றக் காசு செலவழிப்பது வீண். ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி வாங்கிய சிக்னல், அதன்மேல் விஎச்எஸ் (வீட்டு வீடியோ கேசட்) பதிவு என இரண்டு முறை தேய்ந்த படம் உங்களுடையது. தயாரிப்பாளரிடம் இருப்பது அசல் டேப்பிலிருந்து வருவது.

மறைந்திருக்கும் இழப்புகள் வேறு இடத்தில் இருக்கின்றன. 4:3 படத்தை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். நிற்பவர்களின் நெற்றியும் பாதமும் காணாமல் போகும், பெயர் எழுத்துகளின் கடைசி வரி திரைக்கு வெளியே விழும். வெட்டாமல் இழுத்துவிட்டால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாவார்கள். பெரும்பாலான பதிவேற்றங்கள் 25 படத்துக்குச் சுருக்கப்பட்டவை. ஒவ்வொரு வாரமும் முழுதாக ஓடிய தலைப்புப் பாட்டை 'எல்லோரும் தாண்டிவிடுவார்கள்' என்று நறுக்கிவிடுவதும் உண்டு. ஒரு தொடரின் தாளமே அதன் தலைப்புப் பாட்டில்தான் தொடங்குகிறது. சமையலறையில் இருப்பவர்களைக் கூடத்துக்கு வரவழைத்தது அந்தப் பாட்டுதான். அதை வெட்டுவது பெரிய தவறு.

இன்னொன்று: இன்று இருக்கும் பதிவேற்றம் நாளை இருக்கும் என்று உறுதி இல்லை. உரிமை கைமாறினால் ஒரே நாளில் மறைந்துவிடும்.

மொழி விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். இந்தித் தொடர்களைத் தமிழில் பேசவைத்து ஒளிபரப்பிய காலம் ஒன்று இருந்தது. ஜுனூன் அதில் தலையானது. இந்தி வாயசைவுக்கு ஏற்ப வாக்கியத்தைத் திருப்பிப் போட்ட அந்தப் பேச்சு 'ஜுனூன் தமிழ்' என்று பெயர் பெற்று நிலைத்துவிட்டது. இப்படிப்பட்ட தொடர்களின் இந்தி வடிவம் இணையத்தில் கிடைப்பதால் தமிழ் ஒலியும் கிடைக்கும் என்று எண்ணி கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தமிழ் ஒலி உங்கள் கேசட்டில் மட்டும் மிஞ்சியிருக்கலாம். அப்படி இருந்தால் நல்ல உத்தி ஒன்று உண்டு. கேசட்டிலிருந்து ஒலியை மட்டும் எடுத்து, இணையத்தில் உள்ள நல்ல படத்தோடு பொருத்துங்கள். இரண்டும் நொடிக்கு 25 கணக்கில் இருந்தால் வேகம் ஒத்துப்போகும், விளம்பர இடைவேளைகளில் மட்டும் வெட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். பதிவேற்றத்தை 24 படக் கணக்குக்கு மெதுவாக்கியிருந்தால் ஒலி போகப்போக முந்திக்கொள்ளும். ஒலியின் வேகத்தை நூற்றுக்கு நான்கு குறைத்தால் பொருந்தும்.

இரண்டாவது வழி: கடையில் கொடுப்பது

பத்துக் கேசட்டுக்குக் கீழே இருந்தால், டெக் கைவசம் இல்லையென்றால், இதுவே கையைக் கடிக்காத வழி. கேசட்டுக்கு இவ்வளவு என்றோ மணிக்கு இவ்வளவு என்றோ கேட்பார்கள். மூன்று மணி நேரக் கேசட்டை ஒன்றாக எண்ணுவார்களா, மூன்றாக எண்ணுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். மொத்தக் கணக்கு அங்கேதான் மாறும்.

விலையைவிட முக்கியம், அவர்கள் எதில் மாற்றுகிறார்கள் என்பது. பல கடைகளில் டெக்கிலிருந்து டிவிடி ரெக்கார்டருக்கு நேராகப் போட்டுவிடுவார்கள். ஒரு வட்டில் இரண்டு மணி நேரம் பதிந்தால் பாதகமில்லை. நான்கு மணி, ஆறு மணி நேரத்தைத் திணித்தால் அசைவுள்ள இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். இதைவிட மோசம், வீடியோ சிடி தரத்தில் தருவது. அது 352க்கு 288 புள்ளி. அதாவது இரண்டு பாதிப்படங்களில் ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தருவது. 2000களின் தொடக்கத்தில் 'சிடி போட்டு வாங்கிவிட்டோம், கேசட்டைக் கொடுத்துவிட்டோம்' என்ற குடும்பங்கள் பல. இழந்தது எவ்வளவு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் சிடியும் கேசட்டும் இரண்டும் இருந்தால் கேசட்டிலிருந்து புதிதாக மாற்றுங்கள், சிடியிலிருந்து வேண்டாம்.

கல்யாண வீடியோ ஸ்டூடியோக்கள் கைராசிக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் கை பழகியது வேறு வேலைக்கு. சத்தம் இரைச்சலாக இருக்கிறதே என்று பின்னணி இசை சேர்ப்பது, ஓரத்தில் கடைப்பெயர் போடுவது, 'அது விளம்பரம்தானே சார், வெட்டிட்டோம்' என்பது, இவையெல்லாம் நல்லெண்ணத்தோடு நடப்பவை. அந்த விளம்பரங்களுக்காகத்தான் கேசட்டையே கொடுத்திருப்பீர்கள். ஆகவே ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: முழுக் கேசட்டும் முதலிலிருந்து கடைசிவரை, எதையும் வெட்டாமல், எதையும் சேர்க்காமல், 4:3 விகிதத்திலேயே, கேசட்டைத் திருப்பித் தரவேண்டும்.

பெட்டி முழுவதையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். போனாலும் நீங்கள் அதிகம் வருத்தப்படாத ஒரு கேசட்டை முதலில் கொடுத்துச் சோதியுங்கள். வந்த கோப்பை விஎல்சியில் திறந்து, கருவிகள் பட்டியலில் கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை) தகவலைப் பாருங்கள். அளவு 720க்கு 576 என்று இருக்கவேண்டும். 480 என்று இருந்தால் அமெரிக்க முறைக்கு மாற்றியிருக்கிறார்கள், வரிகளும் போயிருக்கும், அசைவும் தடுக்கும். பட எண்ணிக்கை 25 என்றால் வேகமாகக் கைவீசும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். விரல் ஓரத்தில் சீப்புப் பல்போல் கோடுகள் தெரிந்தால் இரண்டு பாதிகளும் பத்திரமாக இருக்கின்றன, பின்னால் 50 ஆக்கிக்கொள்ளலாம். கோடே இல்லாமல் மழுப்பலாக இருந்தால் பாதி போய்விட்டது. கோப்பின் எடையும் பேசும்: மணிக்கு 2 ஜிபிக்கு அருகில் என்றால் நல்ல வேலை, மூன்று மணி நேரம் 700 எம்பியில் அடங்கியிருந்தால் வேறு கடை பாருங்கள்.

பூஞ்சை பிடித்த கேசட்டுக்கும் நாடா அறுந்த கேசட்டுக்கும் கைதேர்ந்த ஆள் கிடைத்தால் அவரிடம் கொடுப்பதே நல்லது.

மூன்றாவது வழி: நாமே மாற்றுவது

பதினைந்து, இருபது கேசட்டுக்கு மேல் என்றால், அதுவும் சென்னை நிலையத்தின் உள்ளூர் நிகழ்ச்சிகள் நிறைய இருந்தால், நான் இந்த வழியைத்தான் சொல்வேன். எதை எடுக்கிறோம் என்று தெரிந்தவர் அருகில் உட்கார்ந்து எடுக்கும் பதிவுக்கும் கடைப் பதிவுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

முதல் தேவை டெக். 2016 ஜூலையில் ஃபுனாய் உற்பத்தியை நிறுத்தியதோடு உலகில் புது விசிஆர் என்பதே முடிந்தது. இனி பழையதுதான். வாங்கும்போது வேண்டாத கேசட் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய்ப் போட்டுப் பாருங்கள். படம் தெளிவாக வருவது மட்டும் போதாது. ஐந்து நிமிடம் ஓட்டி, ஃபார்வர்டு, ரீவைண்ட் செய்து, வெளியே எடுத்து, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி மூடியைத் திறந்து நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் சுருங்கி மடிந்திருந்தால் அந்த டெக்கின் ரப்பர் உருளை கெட்டியாகிவிட்டது, நல்ல கேசட்டையும் அது கடித்துத் தின்னும். எஸ்-வீடியோ வெளியீடு உள்ள டெக் கிடைத்தால் விடாதீர்கள். மஞ்சள் கம்பியில் வண்ணமும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து வரும், எஸ்-வீடியோவில் தனித்தனியாக வரும். எழுத்துகளின் ஓரத்தில் நெளியும் வண்ணப் புள்ளிகள் குறையும். அமெரிக்க உறவினர் அனுப்பிய கேசட் இருந்தால் அமெரிக்க முறையான என்டிஎஸ்சியும் ஓட்டும் டெக்கா என்று கேளுங்கள். இலங்கையில் பதிந்தவை நம்மைப்போல் பால் (PAL) முறைதான், சிக்கல் இல்லை.

டெக்கின் தலையைத் துடைப்பதில்தான் நிறையப் பேர் டெக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கும் உருளை ஓடும்போது நொடிக்கு 25 சுற்று சுற்றும். அதன் விளிம்பில் துளிபோல் ஒட்டியிருப்பவை தலைகள், கண்ணாடிபோல் உடையக்கூடியவை. மின்இணைப்பைக் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியை உருளைமேல் அசையாமல் பிடித்து, மறுகையால் உருளையை மெதுவாகச் சுற்றுங்கள். துணி நகரக்கூடாது, உருளைதான் நகரவேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் தலை உடையும். காது குடையும் பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம், பஞ்சு இழை சிக்கி தலையைப் பெயர்த்துவிடும்.

அடுத்தது கணினிக்குள் வாங்கும் யூஎஸ்பி கருவி. ஒரே தோற்றத்தில் பல பெயர்களில் மலிவாக விற்கும் கருவிகளுக்குள் என்ன சில்லு இருக்கும் என்பது அதிர்ஷ்டம். படங்களை விட்டுவிட்டுப் பதிவதும், வெள்ளையை எரித்துவிடுவதும் இவற்றின் வாடிக்கையான நோய்கள். சற்று கூடக் கொடுத்துப் பெயருள்ள கருவியாக வாங்குங்கள்.

அது நல்லதாக இருந்தாலும் ஒரு சிக்கல் மிச்சம். பழைய நாடாவின் ஓட்டம் சீராக இருக்காது, ஒவ்வொரு வரியும் மயிரிழை முன்பின்னாகத் தொடங்கும். பழைய டிவி அதற்கேற்ப வளைந்துகொடுத்தது, கணினிக் கருவி கொடுக்காது. செவ்வாய்க்கிழமை நாடகத்தில் வரும் கூடத்து செட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: பின்னால் ஒரு கதவு, பக்கத்தில் நாட்காட்டி. அந்தக் கதவின் நிலைச்சட்டம் தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளிந்தால் இதுதான் காரணம். தீர்வு, டெக்குக்கும் கருவிக்கும் நடுவே வரிகளை நேராக்கும் பெட்டி ஒன்றை வைப்பது. தனிக் கருவிகள் விலை அதிகம். பானசோனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 போன்ற சில பழைய டிவிடி ரெக்கார்டர்கள், எதையும் பதியாமல் சும்மா வழியில் உட்கார்ந்திருந்தாலே இந்த வேலையைச் செய்துவிடும். கேசட் மாற்றும் ஆர்வலர்கள் இந்த இரண்டு மாடல்களைத் தேடித்தேடி வாங்குவது அதனால்தான்.

இனி வேலை நடக்கும் வரிசை. பரணிலிருந்து இறங்கிய கேசட்டை ஓட்டும் அறையிலேயே ஒரு நாள் வையுங்கள். குளிர்ந்த இடத்திலிருந்து புழுக்கமான அறைக்குக் கொண்டுவந்த உடனே போட்டால் ஈரம் படிந்து நாடா உருளையில் ஒட்டிக்கொள்ளும். கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடிபோல் இருந்தால் பூஞ்சை. அதை டெக்கில் போடவே கூடாது, தலை வழியாக மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். தனிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி ஒதுக்குங்கள். சுத்தமாக இருந்தால் கடைசிவரை ஓட்டி ரீவைண்ட் செய்யுங்கள், வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் தளரும்.

டெக்கின் மெனுவில் நீலத்திரை வசதி இருந்தால் அணையுங்கள். இல்லையென்றால் சிக்னல் கொஞ்சம் தளர்ந்தாலும் படத்தை மறைத்து நீலத்தைக் காட்டிவிடும். நாடாவைத் தலையோடு ஒத்துப்போகவைக்கும் ட்ராக்கிங்கைக் கையால் திருப்பி, இரைச்சல் கோடு திரையைவிட்டு இறங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அடி ஓரத்தில் சில வரிகள் கலைந்தே இருக்கும். அது பழுதல்ல, ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறும் இடம். பழைய டிவியின் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது.

விர்ச்சுவல்டப் மென்பொருளில் 720க்கு 576, நொடிக்கு 25, ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லாத கோடெக் என வைத்துப் பதியுங்கள். மணிக்கு 30 முதல் 40 ஜிபி பிடிக்கும். பதியும் டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கட்டும், பழைய ஃபேட்32 என்றால் 4 ஜிபியில் நின்றுவிடும். தொடங்குமுன் வெளிச்ச அளவைச் சரிபார்க்க, வெள்ளை வேட்டி கட்டியவர் வரும் காட்சி ஒன்றை எடுங்கள். வேட்டியின் மடிப்புகள் தெரியவேண்டும். வெறும் வெள்ளைத் தகடாகத் தெரிந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள், பதிந்தபின் அந்த மடிப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. செய்தி வாசிப்பவரின் சிவப்புப் பட்டுப்புடவை விளிம்பு தாண்டிக் கசிந்தால் கவலை வேண்டாம். விஎச்எஸ் நாடாவில் வண்ணத்துக்கு ஒதுக்கிய இடமே கொஞ்சம்தான்.

வழக்கமாக வரும் கோளாறுகள் மூன்று. ஒலி போகப்போகப் பிந்தினால், ஒலியை மடிக்கணினியின் மைக் துளையில் செருகியிருப்பீர்கள். படமும் ஒலியும் ஒரே யூஎஸ்பி கருவி வழியாகவே போகவேண்டும். 'ங்ங்' என்ற உறுமல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு நிற்கும். படங்கள் விட்டுப்போனால் யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள், கணினி தூங்கப்போகும் அமைப்பையும் அணையுங்கள்.

பதிந்த பெரிய கோப்பு மூலப்பிரதி. பார்ப்பதற்கு ஹேண்ட்பிரேக் மென்பொருளில் பாதிப்படம் ஒவ்வொன்றையும் தனிப்படமாக்கும் பாப் முறையில் 50 படமாக்கி, எச்.264 கோடெக்கில் நொடிக்கு 5 மெகாபிட் வைத்தால் மணிக்கு சுமார் 2.25 ஜிபி வரும். காட்டும் விகிதம் 4:3 என்று குறிக்க மறக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவால் 4கே ஆக்கும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். முகங்கள் மெழுகுபோல் வழவழப்பாகும், தலைப்பு எழுத்துகளில் 'ண'வின் சுழி எத்தனை என்றே தெரியாமல் போகும்.

செலவின் உண்மையான அளவு இங்கே: இருபது கேசட், ஒவ்வொன்றும் மூன்று மணி என்றால் அறுபது மணி நேரம். தினம் மாலை ஒரு கேசட் போட்டால் மூன்று வாரம். மூலப்பிரதி மணிக்கு 35 ஜிபி வீதம் 2.1 டிபி, ஆகவே 2 டிபி டிஸ்க் போதாது. பார்க்கும் பிரதி மொத்தம் 135 ஜிபிதான்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | இணையம் | கடை | நாமே |
|---|---|---|---|
| தேசியத் தொடர்கள் | போதும் | வீண் செலவு | வீண் உழைப்பு |
| உள்ளூர் நிகழ்ச்சி, செய்தி, விளம்பரம் | கிடைப்பது அரிது | எழுதி வாங்கினால் கிடைக்கும் | முழுதாகக் கிடைக்கும் |
| 50 பாதிப்பட அசைவு | பெரும்பாலும் இருக்காது | கேட்டு வாங்க வேண்டும் | நம் கையில் |
| தமிழ் மொழிமாற்ற ஒலி | நம்ப முடியாது | உண்டு | உண்டு, படத்தோடு பொருத்தவும் முடியும் |
| நமது நேரம் | இல்லை | போய்வரும் நேரம் | கேசட் ஓடும் நேரம் முழுவதும் |
| பெரிய ஆபத்து | ஒருநாள் மறைந்துவிடும் | வெட்டு, சுருக்கம், கேசட் தொலைவது | கெட்ட டெக் நாடாவைக் கடிப்பது |

எந்தக் கேசட்டுக்கு எது

ராமாயணம், மகாபாரதம் என்று எழுதிய கேசட்டை ஒருமுறை வேகமாக ஓட்டிப் பாருங்கள். தொடரை மட்டும் பதிந்து, விளம்பரம் வந்ததும் பாஸ் அழுத்தியிருந்தால் இணையமே போதும். பாஸ் அழுத்த ஆள் இல்லாமல் தானாக ஓடியிருந்தால் அது முதல் வரிசைக்கு வந்துவிடுகிறது. அன்றைக்குக் குறையாகத் தெரிந்தது இன்றைக்குப் பொக்கிஷம்.

வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் கேசட் கொஞ்சம் சிக்கலானது. பாடல்கள் எல்லாம் இணையத்தில் நல்ல தரத்தில் இருக்கின்றன. ஆனால் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எதைப் பாதியில் நிறுத்தினார்கள், எந்தப் புதுப்பாட்டுக்காகக் கடைசிவரை காக்கவைத்தார்கள் என்ற வரிசை கேசட்டில் மட்டும்தான். நொடிக்கு 24 படத்தில் எடுத்த சினிமாவை டிவியில் 25 படத்தில் ஓட்டினால் பாட்டு நூற்றுக்கு நான்கு வேகமாகவும் சுருதி சற்று ஏறியும் ஒலிக்கும். டிவியில் கேட்டு மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒலிநாடாவில் கேட்கும்போது பாட்டு கொஞ்சம் சோம்பலாகத் தோன்றியதன் காரணம் இதுவாக இருக்கலாம். அதை 'திருத்தி' விடாதீர்கள். மாற்றியபின் யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: திரைப்பாடல் உள்ள பகுதிகளை உரிமையாளரின் தானியங்கி அமைப்பு உடனே பிடித்துவிடும். வீட்டுக்குள் பார்க்க வைத்துக்கொள்வதே நடைமுறை.

செவ்வாய்க்கிழமை நாடகம், வயலும் வாழ்வும், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன எதிரொலி, ஷோபனா ரவியும் வரதராஜனும் வாசித்த செய்திகள், 1993 ஏப்ரலில் தொடங்கிய சன் டிவியின் ஆரம்ப மாதங்கள், இவற்றில் எது உங்களிடம் இருந்தாலும் பணமும் நேரமும் அதற்குத்தான் முதலில். நன்றாக எடுக்க முடிந்தால் நீங்களே. இல்லையென்றால் சோதித்துப் பார்த்த கடையில்.

வேலையைத் தொடங்கும் வரிசையில் மட்டும் மாற்றம் செய்யுங்கள். அருமையான கேசட்டை முதலில் போடாதீர்கள். எது போனாலும் பரவாயில்லை என்ற இரண்டு மூன்றைப் போட்டு, டெக்கும் கையும் பழகியபின், அருமையானவற்றை எடுங்கள். பூஞ்சை கண்டவை எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் கைதேர்ந்த ஆளிடம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது நிலையம், தேதி, உள்ளே இருப்பது என்ற வரிசையில் எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் நடுவில் வரும் செய்தித் துணுக்கோ பண்டிகை வாழ்த்தோ மாதத்தைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு டிஸ்கில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

மாற்றி முடித்தபின்னும் கேசட்டை எறியாதீர்கள். டெக்கின் தலையிலிருந்து வரும் மூல அலையையே பிடித்து மென்பொருளில் படமாக்கும் முறையை ஆர்வலர்கள் இப்போதே பயன்படுத்துகிறார்கள். இன்று நீங்கள் எடுத்ததைவிட நல்ல பதிவு அதே நாடாவிலிருந்து பின்னால் வரலாம். முழுதாக ரீவைண்ட் செய்து, புத்தகம்போல் நிற்கவைத்து, ஓட்டின் சூடு இறங்கும் பரணில் இல்லாமல் பீரோவின் கீழ்த்தட்டில், எண் எழுதிய தாளோடு அடுக்குங்கள்.